பத்தொன்பதாம் நம்பர் விமானம்

என் கணவரின் அக்கா வீட்டுக்காரரை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். எந்தப் பேச்சையும் அவர் முழுதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. முதல் பாதி காதில் விழுந்ததும் மீதியைத் தானே தயாரித்துக்கொள்வார். அவிநாசிக்குப் பக்கத்தில் நூல் மில் வைத்திருக்கிறார். மில்லை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் அவருக்குப் பொழுது மிஞ்சியது. கையில் போன் வேறு இருந்தது. காலையில் எழுந்ததும் குடும்பக் குரூப்பில் ஏதாவது ஒரு ரகசியத்தைப் போடுவார். கடலுக்கடியில் இருக்கும் நகரம், உலகத்தை ஆளும் ஏழு குடும்பங்கள், வெங்காயத்தைப் பாதத்தில் கட்டிக்கொண்டு தூங்கினால் போய்விடும் வியாதிகள். எல்லோரும் கைகூப்பும் படத்தைப் பதிலாகப் போடுவார்கள். நான் எதுவும் போட மாட்டேன்.

நான் பல் டாக்டர். சாயிபாபா காலனியில் கிளினிக். பகல் முழுவதும் அடுத்தவர் வாய்க்குள் வேலை செய்கிறவளுக்கு, வலிக்கிறது என்று சொல்லாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய ஓய்வு. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் விமானங்கள் செய்வேன். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். பல்லில் செய்யும் வேலைதான் கிட்டத்தட்ட. கிளினிக்கின் கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்திருந்தேன். அந்த வரிசையில் ஒன்று பத்தொன்பதாம் நம்பர் விமானம்.

அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு விமானம் கிடையாது.

அமெரிக்காக்காரர்கள் தங்கள் போர் விமானங்களுக்கு எஃப் என்ற எழுத்தும் ஒரு நம்பரும் வைப்பார்கள். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருந்தது, பதினெட்டுக்கு அடுத்து நேராக இருபதுக்குத் தாவியது. அந்த விமானத்தைச் செய்த கம்பெனிக்கு இருபது என்ற நம்பர் பிடித்திருந்தது, வெளிநாட்டில் விற்க எடுப்பாக இருக்கும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பார்கள். ரஷ்யாக்காரர்களிடம் ஏற்கெனவே பத்தொன்பது என்று ஒன்று இருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று விட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. எப்படியோ, ஆபீஸில் நடந்த ஒரு சின்ன விஷயம். ஆனால் அதே சமயத்தில் ரேடார் கண்ணில் படாத ஒரு விமானத்தை ரகசியமாகச் செய்கிறார்கள் என்ற பேச்சும் ஓடியது. ஜனங்கள் காணாமல் போன நம்பரை எடுத்து இந்த ரகசியத்தின் தலையில் வைத்துவிட்டார்கள். பொம்மை செய்யும் ஒரு கம்பெனி அது எப்படி இருக்கும் என்று குத்துமதிப்பாக யோசித்து, திருக்கை மீன் மாதிரி வழுவழுவென்று கறுப்பாக ஒரு மாடலைச் செய்து கடைக்கு அனுப்பியது. அது விற்ற விற்பனையில், நாட்டின் ரகசியம் பொம்மைக் கடைக்கு எப்படிப் போனது என்று அந்த ஊர் மக்கள் பிரதிநிதிகளே அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்களாம். கடைசியில் நிஜ விமானத்தை வெளியே கொண்டுவந்தபோது அதன் நம்பரே வேறு. தகரத்தை மடித்து மடித்துச் செய்ததுபோல் மூலை மூலையாக இருந்தது. என்னிடம் இருந்த பொம்மை இந்த உலகத்தில் எந்தப் பொருளுக்கும் பொம்மை இல்லை. அதனாலேயே பெங்களூரில் ஒரு பழைய கடையில் பார்த்ததும் பெட்டியோடு வாங்கினேன்.

இவ்வளவையும் ஒரு நாள் அண்ணாவுக்கும் சொன்னேன். என் கணவரின் அக்கா வீட்டுக்காரரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவது. பல் க்ளீன் செய்ய வந்திருந்தார். அலமாரி முன்னால் நின்று இது என்ன என்று கேட்டார். பொறுமையாகச் சொன்னேன். பதினெட்டு, இருபது வரைக்கும் கேட்டார். பிறகு அவர் கண் வேறு எங்கோ போய்விட்டது.

"பதினெட்டு இருக்குது. இருபது இருக்குது. அப்பறம் பத்தொன்பது எங்கீங்க அம்மணி போச்சு?"

"எங்கயும் போகலீங்ணா. அந்த நம்பரையே யாரும் வெக்கல."

"அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார்.

அடுத்த வாரம் நங்கையா போன் செய்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். "கண்ணு, ஊட்டு ஷோகேஸ்ல வெக்கறதுக்கு அந்தக் கறுப்பு ஏரோப்ளேன் வேணுமாமா. கேட்டுக்கிட்டே இருக்கறாரு. குடுத்துடு சாமி." நங்கையா கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. டிரைவர் வந்து வாங்கிப்போனார். பெட்டியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். மாடல் செய்கிறவர்கள் பெட்டியைக் கொடுக்க மாட்டார்கள்.

சில மாதம் போனது. ஒரு நாள் ரிட்டயர்டான பேங்க் மேனேஜர் ஒருவர் கடைவாய்ப் பல்லுக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்தவர் வாயைத் திறப்பதற்கு முன் போனை என்னிடம் நீட்டினார்.

"டாக்டர், இதைப் பாத்தீங்களா? நம்ம மதுக்கரை மலைக்கு மேல பறந்துருக்குதுங்க. அமெரிக்காகாரனோட ரகசிய விமானமாம். யாருக்கும் சொல்லாம சோதனை பண்ணறாங்களாம்."

படத்தில் மலை இருந்தது. மலைக்கு மேலே மங்கலான வானத்தில் என் விமானம் இருந்தது. அது என்னுடையதுதான் என்பதில் சந்தேகமே இல்லை. இடது பக்க வால் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது. பசை காய்வதற்குள் ஒரு நோயாளி கூப்பிட்டார் என்று போனை எடுக்கப்போய் நான் கோணலாக ஒட்டிய வால் அது. அண்ணாவுக்கு மதுக்கரைப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்று உண்டு. தோப்பு மோட்டார் ரூம் கூரையிலிருந்து பார்த்தால் அந்த மலை அப்படியேதான் தெரியும். உற்றுப் பார்த்தால் விமானத்தின் முதுகிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு மேலே போவதுகூடத் தெரிந்தது. யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

"இது பொம்மைங்க சார்," என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானங்கள் சத்தத்தோடு போவதை இந்த ஊரில் எல்லோரும் தினமும் கேட்கிறோம். அந்தச் சத்தத்தில் ஒன்றை அவர் ஏற்கெனவே இந்தப் படத்தோடு சேர்த்து வைத்திருந்தார். "போன வியாழக்கிழமை வேற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சுங்க டாக்டர். நானும் என் மிஸஸும் மொட்டை மாடியில இருந்தோம்," என்றார். நான் வாயைத் திறக்கச் சொன்னேன். ஊசி போட்டதும் நாக்கு மரத்துப் பேச்சு நின்றது.

மத்தியானம் அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்ணா, அந்தப் போட்டோ நீங்க எடுத்ததுங்களா?"

"நல்லா வந்துருக்குதுங்களா?" என்றார். குரலில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை.

"அது என்ற பொம்மைங்ணா. ஊரே நெசமுன்னு நம்பிக்கிட்டு இருக்குது."

"நான் போட்டோ மட்டுந்தானுங்க அம்மணி போட்டேன். வாசகம் நான் எழுதல. அவங்கவங்க ஆளாளுக்குச் சேத்துக்கறாங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"பொம்மைன்னு ஒரு வரி போட்டுடுங்க."

"போடலாமுங்க," என்றார். போடவில்லை.

என் கணவர் பம்ப் கம்பெனி ஒன்றில் மேனேஜர். சண்டை என்றாலே ஒதுங்கிப் போகும் மனிதர். "விடு, அக்கா ஊட்டுக்காரரு. நாலு நாள்ல மறந்துடுவாங்க," என்றார். யாரும் மறக்கவில்லை. ஒரு இணையச் சேனல்காரர்கள் அண்ணாவைத் தேடி வந்து பேட்டி எடுத்தார்கள். பேருக்குக் கீழே 'பாதுகாப்புத்துறை ஆய்வாளர்' என்று போட்டிருந்தார்கள். சஃபாரி சூட் தைத்துப் போட்டிருந்தார். நான் சொன்ன முதல் பாதியை அவர் அப்படியே ஒப்பித்தார். பதினெட்டு இருக்கிறது, இருபது இருக்கிறது. பிறகு கேமராவைப் பார்த்து, "இல்லைங்கறாங்க பாத்தீங்களா, அதுதானுங்க ஆதாரம். இருக்கறத யாருங்க இல்லைன்னு சொல்லுவாங்க?" என்றார். பேட்டி எடுத்த பையன் தலையை ஆட்டினான். கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். எம்.இ. படித்தேன், எம்.டெக். படித்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்து புளகாங்கிதம் அடைந்திருந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் காலேஜ். ஊரைச் சுற்றி இன்ஜினியரிங் காலேஜ்களுக்குக் குறைவில்லை. அதில் ஒன்றில் விமானப் பொறியியல் துறை இருந்தது. அந்தத் துறை விழாவுக்கு அண்ணாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். குடும்பம் முழுக்க வர வேண்டும் என்று நங்கையா சொன்னதால் போனேன். முதல் வரிசையில் எங்களுக்கு சோபா. பின்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். மேடையில் துறைத் தலைவர், முதல்வர், தாளாளர், நடுவில் சஃபாரி சூட்டில் அண்ணா. எல்லோர் கழுத்திலும் ஏலக்காய் மாலை.

பெரிய திரையில் என் விமானம் வந்தது. அண்ணா குச்சியால் இடது வாலைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க. எடது பக்கத்து வாலு மட்டும் உள்ளார சாஞ்சிருக்குது. ஏனுங்க? ரேடார்ல இருந்து வர்ற அலைய அந்தப் பக்கமா தள்ளி உட்டுடுமுங்க. அதுதான் இதோட ரகசியமே."

துறைத் தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். காற்றியக்கவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று சற்று முன்புதான் அறிமுகப்படுத்தினார்கள். ஒரு விமானத்துக்கு ஒரு பக்க வால் மட்டும் கோணலாக இருந்தால் அது எப்படி நேராகப் பறக்கும் என்று அவருக்குத் தோன்றியதா என்று தெரியவில்லை. தோன்றியிருந்தால் இன்னும் கேவலம். தாளாளர் உட்கார்ந்திருக்கும் மேடையில் விருந்தாளியை மறுத்துப் பேசுவதைவிடக் கோணல் வாலை ஏற்றுக்கொள்வது சுலபம் என்று முடிவுசெய்து தலையாட்டியிருக்கிறார் என்று ஆகும்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். மெல்லிய குரல். மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சார், அந்த வரிசையில பதிமூணும் இல்லீங்க சார். பன்னெண்டு இருக்கு, பதினாலு இருக்கு. ராசியில்லாத நம்பர்னு விட்டுட்டாங்கன்னு படிச்சேன். அப்ப நம்பர் இல்லாட்டி விமானம் இருக்குன்னு எப்படிங்க சார் சொல்ல முடியும்?"

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அண்ணா கொஞ்சமும் தடுமாறவில்லை. தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "அதுவும் இருக்குது அம்மணி. அதப்பத்தி இந்த மேடையில நான் பேசக்கூடாது," என்றார்.

அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்கியதும் துறைத் தலைவர் அந்தப் பெண்ணை முறைத்து உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விழா முடிந்து அண்ணா வீட்டில் விருந்து. சொந்தக்காரர்கள், மகனுக்குப் பெண் கொடுக்கப்போகும் சம்பந்தி வீட்டார், காலேஜ் ஆட்கள் சிலர். அன்று காலையிலேயே நான் பெட்டியைக் காரில் எடுத்துவைத்திருந்தேன். இலை போடுவதற்கு முன் அதைக் கொண்டுவந்து ஹால் டீப்பாய்மேல் வைத்தேன். பெட்டியின்மேல் அதே விமானம் பெரிதாக அச்சடித்திருந்தது. பக்கத்தில், ஷோகேஸில் இருந்து எடுத்து, என் மாடலை வைத்தேன். முதுகில் நரம்பு கட்டிய ஆணி இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது.

"இதுதானுங்க அந்த விமானம். கடையில விக்கற பொம்மை. நான்தான் ஒட்டினேன். இந்த வால் கோணலா இருக்கறது என்ற கைத்தப்பு," என்றேன்.

நங்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணா சுவரைப் பார்த்தார். என் கணவர் கை கழுவப் போய்விட்டார். கிளம்பும்வரை கை கழுவிக்கொண்டே இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

சம்பந்திதான் முதலில் எழுந்து வந்தார். சத்தியமங்கலத்தில் பெரிய வாழை விவசாயி, கல்யாண மண்டபமும் வைத்திருக்கிறார். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏனுங்க, பொம்மையே வந்துருச்சுன்னா நெசம் இல்லாமயா இருக்கும்?"

"அதானுங்க," என்றார் காலேஜ்காரர் ஒருவர். "எதையுமே பாக்காம எப்படி இவ்வளவு நுணுக்கமா செய்வாங்க?"

பெட்டி கைக்குக் கை மாறியது. போன்களை எடுத்துப் படம்பிடித்தார்கள். அண்ணாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "இதை நான் முன்னாடியே காட்டலாமுன்னுதான் இருந்தேன். அம்மணிதான் பத்திரமா வெச்சிருந்தாங்க," என்றார். நான் அவரைக் காட்டிக்கொடுக்க எடுத்துவந்த பெட்டி, இலை போடும் நேரத்துக்குள் அவருக்கு இரண்டாவது சாட்சியாகிவிட்டது. அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ருசி தெரியவில்லை.

அதன்பின் நான் வாயைத் திறக்கவில்லை. குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். இப்படிப்பட்டவர்களிடம் உண்மையைச் சொல்வது குப்பைமேட்டில் சாம்பிராணி போடுவது மாதிரி என்று கணவரிடம் சொன்னேன். அவர் அதற்கும் "விடு" என்றார்.

ஒரு நாள் காலை, கிளினிக்கைத் திறக்கும் நேரத்தில், அண்ணாவே போன் செய்தார்.

"அம்மணி, அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டு சித்தெ ஸ்டேஷன் வரைக்கும் வர முடியுங்களா?"

யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். ராணுவ விமானத்தை அனுமதியில்லாமல் படம் எடுத்து வெளியே விட்டதாக. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, அது நிஜ விமானம் என்றால் எங்கே, எப்படிப் படமெடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். பாதுகாப்புத்துறை ஆய்வாளர் உடனே எனக்குப் போன் போட்டுவிட்டார்.

அன்றைக்கு முதலில் வந்த இரண்டு நோயாளிகளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். அண்ணா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சஃபாரி சூட் இல்லை, வேட்டி. என்னைக் கண்டதும் எழுந்தார். மேடையில் குச்சி பிடித்த கையால் மாடலை மடியில் அணைத்து வைத்திருந்தார்.

"சொல்லுங்க அம்மணி. இது பொம்மைதானுன்னு சார்கிட்டச் சொல்லுங்க. நீங்கதானுங்க ஒட்டினீங்க."

அந்த நிமிஷத்துக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் அது வந்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. உண்மை அவருக்கு ஒரு குடை மாதிரி. மழை வந்தால் விரிப்பார், நின்றால் எங்காவது மறந்து வைத்துவிட்டுப் போவார். அதைத் தூக்கிக்கொண்டு நான் ஊருக்குள்ளிருந்து காரோட்டி வந்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். பெட்டியைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார், நரம்பு ஆணியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இனிமே இப்படி வேலையெல்லாம் பண்ணாதீங்க. பெரிய மனுசரா இருக்கறீங்க. போட்டோவ எல்லா எடத்துலயும் எடுத்துடுங்க. இதப் பத்தி இனி எங்கயும் பேசக்கூடாது," என்றார். அண்ணா குனிந்து குனிந்து கும்பிட்டார்.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏனுங்க டாக்டர், இது பொம்மை, சரி. நெசமானது இப்ப எங்க இருக்குதுங்க?"

நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கிளினிக்கில் இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணா கொஞ்ச நாள் அடங்கியிருந்தார். படத்தை எடுத்துவிட்டார். சேனல்காரர்கள் கூப்பிட்டபோது வரவில்லை என்று சொன்னார். ஏன் என்று கேட்டார்களாம். "பேசக்கூடாதுன்னு மேலிடத்துல சொல்லியிருக்கறாங்க," என்றாராம். வார்த்தைக்கு வார்த்தை அது உண்மைதான். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்ததை அவர் ஒரு மாதத்துக்குள் மேலிடத்து உத்தரவாக மாற்றிவிட்டார். அதற்கப்புறம் அவர் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள், போனார், மாலை போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசாததற்கும் கைதட்டினார்கள்.

நங்கையா ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள வந்தார். வேலை முடிந்து, வாய் மரத்தபடியே, நான் கேட்காமல் சொன்னார்.

"மில்லுல இப்ப அவர யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல கண்ணு. பையன்கூடக் கேக்கறதில்ல. இதுக்காவது நாலு பேரு வந்து கேக்கறாங்க. அவரு மொகம் எப்படி இருக்குது தெரியுமா?"

நங்கையாவுக்காக எனக்கு வருத்தம்தான். அண்ணாவுக்காக வரவில்லை. வேலை இல்லாத பெரியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பூங்காவில் நடக்கிறார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஒரு மாணவி சரியான கேள்வி கேட்டதற்காக நூற்றுக்கணக்கானவர்கள் நடுவில் மற்றவர்களை அவளைப் பார்த்துச் சிரிக்கவிட்டு மாலையோடு வீட்டுக்கு வருவதில்லை. இதை நங்கையாவிடம் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் எதுவும் மெல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மகன் கல்யாணம் சம்பந்தியின் மண்டபத்திலேயே நடந்தது. பந்திக்குப் போகிற வழியில் அண்ணா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். சுற்றிலும் பெரிய மனிதர்கள். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இவங்க டாக்டருங்க. என்ற மச்சினன் சம்சாரம்," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த விசயத்துல போலீஸு வரைக்கும் வந்து சாட்சி சொன்னவங்க. அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க."

எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் கைகூப்பினார். நான் பந்திக்குப் போய், காலியாக இருந்த இலை முன்னால் உட்கார்ந்தேன்.